போல்ட்ரி கிராஸ்: ஒரு சந்தைக் கற்கூடத்தின் பெயர் வந்த வழி

தென் இங்கிலாந்தில் வில்ட்ஷயர் மாவட்டத்தின் சாலிஸ்பரி, 123 மீட்டர் உயரக் கோபுரம் கொண்ட பேராலயத்துக்குப் பெயர்போன ஊர். மாக்னா கார்ட்டா சாசனத்தின் எஞ்சிய நான்கு மூலப் படிகளில் ஒன்றும் அந்தப் பேராலயத்தில்தான் இருக்கிறது. ஊருக்கு வருகிறவர்கள் இந்த இரண்டையும் பார்த்துவிட்டுக் கடைத்தெருப் பக்கம் நடப்பார்கள். அங்கே சில்வர் ஸ்ட்ரீட்டும் மின்ஸ்டர் ஸ்ட்ரீட்டும் கூடும் முனையில் அறுகோண வடிவில் ஒரு கற்கூடம் நிற்கிறது. சுற்றிலும் ஆறு தூண்கள், தூணுக்குத் தூண் கூர்வளைவுகள், நடுவில் ஒரு பருத்த தூண், மேலே கல் விதானம். சுவர் கிடையாது, எந்தப் பக்கத்திலிருந்தும் உள்ளே நுழையலாம். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த கட்டடம் இது. பெயர் போல்ட்ரி கிராஸ். சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தால் கோழிச் சிலுவை.

கோழியும் சிலுவையும் ஒரே பெயரில் வந்து சேர்ந்ததற்குப் பின்னால் நெடிய வரலாறு இருக்கிறது. இரண்டும் ஆங்கிலத்தின் சொந்தச் சொற்கள் அல்ல. ஒன்று பிரான்சிலிருந்து நார்மன் ஆட்சியோடு வந்தது. மற்றது அயர்லாந்து சென்று, அங்கிருந்து வைக்கிங்குகளோடு வடக்கு வழியாக இறங்கியது. இரண்டுக்கும் மூலம் லத்தீன். ஒரே ஊற்றில் பிறந்து வெவ்வேறு கடல்களைத் தாண்டிய இரண்டு சொற்களை ஒரு சந்தை சேர்த்து வைத்தது.

கிராஸ் என்ற சொல்லிலிருந்து தொடங்குவோம். கிறித்தவம் இங்கிலாந்தில் வேரூன்றிய காலத்தில் அங்கிருந்த மக்கள் சிலுவையைச் சொல்லக் கடன் வாங்கவில்லை. தங்களிடமிருந்த 'ரோட்' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். கழி, கம்பம் என்பது அதன் பொருள். அச்சொல் 'ரூட்' என்று மாறி, தேவாலயத்தின் நடுக்கூடத்தையும் பலிபீடப் பகுதியையும் பிரிக்கும் மரத்தட்டிக்கு இன்றும் 'ரூட் ஸ்கிரீன்' என்ற பெயராக நிற்கிறது. நில அளவையில் கால் ஏக்கருக்கும் ரூட் என்றே பெயர். கம்பத்தால் நிலம் அளந்த காலத்தின் மிச்சம் அது.

படித்த குருமார் லத்தீன் 'க்ருக்ஸ்' என்பதை நேராக எடுத்து 'க்ரூச்' என்றும் சொல்லிப் பார்த்தார்கள். அது நிலைக்கவில்லை. லண்டனில் க்ரௌச் எண்ட் என்ற பகுதியிலும், உடையில் சிலுவை தரித்த துறவியரின் பெயரால் வழங்கும் க்ரட்சட் ஃப்ரையர்ஸ் என்ற தெருவிலும் அதன் உருமாறிய வடிவம் தங்கியிருக்கிறது.

நிலைத்தது மூன்றாவது வழியில் வந்த சொல். அயர்லாந்துத் துறவிகள் லத்தீனிலிருந்து 'க்ராஸ்' என்ற வடிவத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். அயர்லாந்துக் கரைகளில் குடியேறிய வைக்கிங்குகள் அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். அந்த வைக்கிங்குகளின் வழியினர் ஐரிஷ் கடலைத் தாண்டி வடமேற்கு இங்கிலாந்தில் வந்திறங்கியபோது சொல்லும் உடன் வந்தது. ஆகவேதான் இங்கிலாந்தின் வடக்கில் க்ராஸ்பி என்ற பெயரில் ஊர்கள் உண்டு. வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியில் 'பீ' என்றால் குடியிருப்பு. சிலுவைகள் நிற்கும் ஊர் என்று பொருள். கொள்ளையடிக்க வந்தவர்கள் என்று துறவிகள் அஞ்சிய மக்களே, அந்தத் துறவிகளின் சொல்லைத் தூக்கிக்கொண்டு போய் இன்னொரு நாட்டில் நட்டிருக்கிறார்கள். சொற்களின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பயணங்களில் இது ஒன்று. வடக்கில் ஊன்றிய சொல் மெல்லத் தெற்கே பரவி, ரோட் என்ற பழஞ்சொல்லைக் கோயிலுக்குள் ஒதுக்கிவிட்டு, தெருவையும் சந்தையையும் தனதாக்கிக்கொண்டது.

எடின்பரோ நகரில் இந்த இரண்டு சொற்களையும் ஒரே சாலையில் பார்க்கலாம். கோட்டையிலிருந்து இறங்கும் ராயல் மைல் என்ற நெடுஞ்சாலையின் கீழ்க்கோடியில் ஹோலிரூட் அரண்மனை. அங்கே 1128இல் எழுந்த மடத்தின் பெயரில் உள்ள புனிதச் சிலுவை பழைய ரூட். அதே சாலையின் நடுவில், செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தை ஒட்டி நிற்பது மெர்கட் கிராஸ், அதாவது சந்தைச் சிலுவை. புதிய அரசர் பட்டத்துக்கு வந்த செய்தியை ஸ்காட்லாந்தில் இன்றும் அங்கே நின்றுதான் அறிவிக்கிறார்கள். மடத்துக்கு ஒரு சொல், சந்தைக்கு ஒரு சொல் என்று ஊரே பங்கிட்டு வைத்துவிட்டது.

தமிழிலும் சிலுவைக்கு இரண்டு வழிகளில் சொல் வந்தது. 'சிலுவை' என்பது சிரியாக் மொழியின் 'ஸ்லீவா'விலிருந்து, மேலைக்கடற்கரைக் கிறித்தவர் வழியாக வந்தது. 'குருசு' என்பது போர்த்துகீசியரின் 'க்ரூஸ்'. அதற்கும் வேர் அதே லத்தீன் க்ருக்ஸ். ஆக, தூத்துக்குடிக் கடலோரத்தில் ஒருவர் குருசு என்றும் சாலிஸ்பரியில் ஒருவர் கிராஸ் என்றும் சொல்லும்போது இருவர் வாயிலும் ஒரே சொல்தான் இரண்டு கோலத்தில் வருகிறது.

சிலுவை ஏன் சந்தைக்கு வந்தது? இடைக்கால இங்கிலாந்தில் மக்கள் கூடிய பெரிய இடம் தேவாலயம், கூடிய நாள் ஞாயிறு. வழிபாடு முடிந்ததும் கல்லறைத் தோட்டத்திலேயே கொடுக்கல் வாங்கல் நடந்தது. 1285இல் முதலாம் எட்வர்ட் அரசர் பிறப்பித்த வின்செஸ்டர் சட்டம், தேவாலய வளாகத்தில் சந்தையோ திருவிழாக் கடையோ கூடாது என்று தடைசெய்தது. வணிகம் ஊர் நடுவுக்கு நகர்ந்தது. அங்கே ஒரு சிலுவை நின்றால், கடவுள் பார்க்கிறார் என்ற அச்சமும் அரசனின் அமைதி இங்கே செல்லும் என்ற உறுதியும் சேர்ந்து கிடைத்தன. பேரம் முடித்துக் கைகொடுப்பதும் அரசாணை வாசிப்பதும் அதன் அடியில் நடந்தன. தொடக்கத்தில் அது படிகளின்மேல் நட்ட ஒற்றைக் கல்தூண், உச்சியில் சிலுவை. அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் மழை என்ன செய்யும் என்பதை அறிந்தவர்களுக்கு அடுத்த கட்டம் புரியும். தூணைச் சுற்றிக் கால்கள் நாட்டிக் கூரை போட்டார்கள். சாலிஸ்பரிக்கு வடக்கே உள்ள மால்ம்ஸ்பரியில் ஏறத்தாழ 1490இல் இப்படியொரு கூடம் எழுந்தது. எட்டாம் ஹென்றி காலத்தில் நாடு முழுதும் சுற்றிய ஜான் லீலண்ட், மழை பெய்யும்போது ஏழைச் சந்தைக்காரர்கள் நனையாமல் நிற்பதற்காக ஊரார் கட்டியது என்று அதைப் பற்றிக் குறித்துவைத்தார். சிசெஸ்டர் நகரில் ஆயர் எட்வர்ட் ஸ்டோரி 1501இல் கட்டிய எண்கோணக் கூடமும் ஏழைகள் சந்தைத் தீர்வை செலுத்தாமல் விற்க ஓரிடம் வேண்டும் என்பதற்காகவே.

இந்தக் கட்டத்தில்தான் கிராஸ் என்ற சொல்லின் பொருள் புரண்டது. சிலுவையைக் குறித்த சொல், சிலுவையைச் சுற்றிப் போட்ட கூரையைக் குறிக்கத் தொடங்கியது. பின்னர் எழுந்த பல கூடங்களில் சிலுவை என்று சொல்லத்தக்கது பெரிதாக எதுவும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே விட்னி என்ற ஊரின் பட்டர் கிராஸ், தூண்கள் தாங்கும் ஓர் ஓட்டுக்கூரைதான். ஆனாலும் பெயர் கிராஸ். சமயச் சின்னத்தைக் குறித்த சொல், வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நின்று விற்கும் இடம் என்று பொருள்பட்டுவிட்டது.

இனி போல்ட்ரி. லத்தீனில் 'புல்லுஸ்' என்றால் குட்டி. எந்த விலங்கின் குட்டியும் புல்லுஸ்தான், கோழிக்குஞ்சும் அப்படியே. பிரெஞ்சில் அதிலிருந்து 'பூல்' பெட்டைக்கோழியானது, 'பூலே' இளங்கோழியானது, கோழி விற்பவர் 'பூலெத்தியே' ஆனார். அவர் தொழிலுக்கும் சரக்குக்கும் 'பூலெத்ரி' என்று பெயர். 1066க்குப் பிறகு நார்மானியர் ஆட்சியில் இந்தச் சொல் ஆங்கிலத்தில் நுழைந்தது. ரொட்டி சுடும் இடத்துக்கு பேக்கரி என்று பெயர் தரும் அதே ஈறு இதன் வாலிலும் இருக்கிறது. ஆகவே போல்ட்ரி என்றால் பறவைகள் மட்டுமல்ல, அவற்றை வைத்து விற்கும் இடமும்தான். லண்டனில் சீப்ஸைடு தெருவின் கிழக்குத் தொடர்ச்சிக்கு இன்றும் வெறுமே போல்ட்ரி என்றே பெயர். தெரு என்ற சொல்கூட ஒட்டவில்லை. நம் ஊரில் ஒருவர் 'பவுல்ட்ரி வைத்திருக்கிறார்' என்று சொன்னால் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார் என்று நாமக்கல் பக்கத்தில் எவருக்கும் விளங்கும். இன்றைய ஆங்கிலேயருக்குப் பெரும்பாலும் மறந்துபோன அந்த இடப்பொருள் கொங்குநாட்டுப் பேச்சில் இயல்பாக வாழ்கிறது.

புல்லுஸின் உறவு இன்னும் விரிந்தது. குதிரைக்குட்டியைச் சொன்ன பிரெஞ்சுச் சொல் ஒன்று ஸ்காட்லாந்து வழியாக 'போனி' ஆயிற்று. லத்தீனில் பகரம் வரும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் ஃபகரம் வருவது வழக்கம். பாட்டெருக்கு இணை ஃபாதர் என்பது போல, புல்லுஸுக்கு இணையாக ஆங்கிலத்தில் முன்பே இருந்த சொல் 'ஃபோல்', அதுவும் குதிரைக்குட்டியே. ஆக போல்ட்ரி, போனி, ஃபோல் மூன்றும் ஒரு வீட்டுச் சொற்கள். ஒன்று உள்ளூரிலேயே இருந்தது, இரண்டு பிரான்ஸ் வழியாக வந்தன.

கோழி விற்பவரை ஆங்கிலத்தில் முதலில் 'போல்ட்டர்' என்றார்கள். அதிலேயே விற்பவர் என்ற பொருள் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டு வாக்கில் அதன் பின்னே இன்னொரு 'அர்' சேர்த்து 'போல்ட்டரர்' ஆக்கினார்கள். பிரெஞ்சு ஈற்றின் பொருள் காதுக்கு எட்டாமல் போனதால், புரிகிற ஈறு ஒன்றை மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். பழம் விற்பவரைச் சொல்லும் 'ஃப்ரூட்டரர்' என்பதிலும் இதுவே நடந்தது.

முற்றத்தில் கொத்தித் திரியும்வரை கோழி 'ஹென்', பழைய ஆங்கிலச் சொல். விலை சொல்லும் இடத்துக்கு வந்தால் போல்ட்ரி, ஆண்டவர்களின் சொல். நார்மன் வருகையின் முழு வரலாறும் இந்த ஒரு கோழிக்குள் அடங்கியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

ஊரின் பெயரையும் சொல்லாமல் தாண்ட முடியாது. ரோமானியர் காலத்தில் இன்றைய ஊருக்கு வடக்கே மூன்று கிலோமீட்டரில் உள்ள குன்று 'சோர்வியோடூனும்'. டூனும் என்பது கெல்ட்டியரின் சொல், கோட்டை என்று பொருள். ஆங்கிலோ சாக்சன் மக்கள் அந்த டூனும் இருந்த இடத்தில் தங்கள் 'புர்க்' என்ற கோட்டையை வைத்தார்கள். முன்பாதியோ அவர்கள் காதில் 'செயாரு' என்று விழுந்தது. படைக்கலம், சூழ்ச்சித்திறம் என்று பொருள் தரும் சொல் அது. ஊர் 'செயாரோபுர்க்' ஆயிற்று. 1086ஆம் ஆண்டு டோம்ஸ்டே நிலப்பதிவேட்டில் 'சாரிஸ்பெரி'. இரண்டு ரகரம் அடுத்தடுத்து வருவது நார்மன் நாவுக்கு ஒத்துவரவில்லை, ஒன்று லகரமாகிச் சாலிஸ்பரி பிறந்தது. எழுத்தர்களோ பெயரைச் சுருக்கி 'சார்' என்று எழுதி வாலில் ஒரு சுழி போட்டார்கள். லத்தீன் ஏடுகளில் அந்தச் சுழி 'ரும்' என்ற ஈற்றுக்கும் வழங்கியதால், படித்தவர்கள் 'சாரும்' என்று வாசித்துவிட்டார்கள். எவர் வாயிலும் பிறக்காமல் எழுத்தரின் சுழியிலிருந்து பிறந்த ஊர்ப்பெயர் அது. பழைய குன்றுக்கு இன்று ஓல்ட் சாரும் என்றே பெயர்.

  

மக்கள் குன்றிலிருந்து இறங்கியது 1220இல். ஆயர் ரிச்சர்ட் பூர் ஆற்றங்கரைச் சமவெளியில் புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1227இல் மூன்றாம் ஹென்றி அரசர் புதிய ஊருக்குச் சாசனம் தந்தார். தெருக்கள் நேர்க்கோட்டில் வகுக்கப்பட்டன, நடுவில் பெரிய சந்தைத் திடல். வந்த வியாபாரிகள் முதலில் தட்டுக்கடை போட்டார்கள். நாளாக நாளாகக் கடை மாலையில் பிரிக்கப்படாமல் நின்றது, பிறகு சுவர் எழுந்தது, பிறகு மாடி ஏறியது. திடலின் ஒரு பாதி இப்படித் தெருக்களாகச் சுருங்கிற்று. புட்சர் ரோ, ஃபிஷ் ரோ, ஆக்ஸ் ரோ, ஓட்மீல் ரோ என்று அவற்றுக்குப் பெயர். கறிக்கடை வரிசை, மீன்கடை வரிசை, மாட்டு வரிசை, ஓட்ஸ் மாவு வரிசை. ஆயர் நிறுவிய ஊரில் தெருக்களுக்குப் புனிதர்களின் பெயர்கள் வரிசையாக வரும் என்று எதிர்பார்ப்போம். சந்தைப் பக்கத்தில் வந்தவை சரக்குகளின் பெயர்கள். எங்கே என்ன கிடைக்கும் என்று ஒருவர் மற்றவருக்கு வழிசொன்ன பேச்சே தெருப்பெயராகிவிட்டது.

போல்ட்ரி கிராஸும் இப்படி வந்த பெயர்தான் என்பது என் முடிவு. அந்த இடத்தில் ஒரு சிலுவை இருந்ததற்கான குறிப்பு 1307இலேயே உண்டு. போல்ட்ரி என்ற அடைமொழி அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்தே தோன்றுகிறது. கட்டியவர் வைத்த பெயராக இருந்தால் அந்த முதல் சிலுவையோடு பிறந்திருக்கும். நூறு ஆண்டுகள் தள்ளி வந்தது என்பதே, கூடைகளோடு வந்தவர்களும் அவர்களிடம் வாங்க வந்தவர்களும் சொல்லிச் சொல்லிப் பதிந்த பெயர் என்று காட்டுகிறது. ஒரு தேவையும் இருந்தது. சாலிஸ்பரியில் அக்காலத்தில் நான்கு சந்தைச் சிலுவைகள் நின்றன. பாலுக்கும் பாலாடைக்கட்டிக்கும் ஒன்று, கம்பளிக்கும் நூலுக்கும் ஒன்று, கால்நடைக்கு பர்னார்ட்ஸ் கிராஸ் என்று ஒன்று. சும்மா கிராஸ் என்றால் எது என்று தெரியாது. பிரித்துச் சொல்லச் சரக்கின் பெயர் வேண்டியிருந்தது. மற்ற மூன்றும் அழிந்துவிட்டன. சீஸ் மார்க்கெட் என்ற இடப்பெயர் மிஞ்சியிருக்கிறது.

இந்தக் கூடத்துக்கு வேறொரு பிறப்புக் கதையும் உண்டு. நற்கருணை அப்பத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் அவமதித்த ஒரு பிரபு, அதற்குப் பரிகாரமாகச் சிலுவை கட்டி, வெறுங்காலோடு அதன் முன் வந்து மண்டியிட வேண்டும் என்று ஆயர் விதித்தார் என்பது மரபுவழிச் செய்தி. கதை வலுவானது, நீதியும் அதில் இருக்கிறது. ஆனாலும் பரிகாரச் சிலுவை என்றோ பிரபுவின் பெயராலோ ஊர் அதை அழைக்கவில்லை.

கேட்பதற்கு இனிய கதை பெயரையே விழுங்கிவிடுவதும் உண்டு. லண்டன் சேரிங் கிராஸ் அதற்கு உதாரணம். 1290இல் அரசி எலினோர் இறந்தபோது, உடல் லண்டனுக்கு வரும் வழியில் தங்கிய பன்னிரண்டு இடங்களில் முதலாம் எட்வர்ட் சிலுவைகள் எழுப்பினார். கடைசிச் சிலுவை நின்ற இடம் சேரிங். 'ஷேர் ரேன்', அதாவது அன்பு அரசி என்ற பிரெஞ்சுத் தொடர்தான் சேரிங் ஆயிற்று என்று தலைமுறைகள் நம்பின. அரசி இறப்பதற்கு வெகு காலம் முன்பே அந்தச் சிற்றூருக்குச் சேரிங் என்று பெயர். பழைய ஆங்கிலத்தில் 'செர்ரிங்' என்றால் திருப்பம். தேம்ஸ் ஆறு வளையும் இடம் அது. மன்னனின் துயரம் உண்மை, சொல்லின் பிறப்பு வேறு. அந்தச் சிலுவையைச் சீர்திருத்தக் கிறித்தவர்கள் 1647இல் இடித்தார்கள். இன்று ரயில் நிலைய வாசலில் நிற்பது 1865இல் எழுந்தது.

சாலிஸ்பரிக் கூடமும் ஒரே கோலத்தில் நிற்கவில்லை. 1711இல் அதன் மேற்புற முட்டுவளைவுகளைக் கழற்றிவிட்டார்கள். ஓவியர் டர்னர் 1800 வாக்கில் அதை ஓவியமாக்கியபோது மொட்டையாகவே இருந்தது. இப்போது காணும் முட்டுவளைவுகளும் மணிமுடி போன்ற உச்சியும் 1852க்கும் 1854க்கும் இடையே வந்தவை. கல் மாறிய காலமெல்லாம் பெயர் மாறவில்லை. செவ்வாயும் சனியும் சந்தை கூடுகிறது, கூடத்தைச் சுற்றியும் கடை போடுகிறார்கள்.

சரக்கின் பெயர் ஒட்டிய சிலுவைகளுக்கு ஊராரிடம் ஓர் உரிமை பிறந்துவிடுகிறது என்று நான் எண்ணுவதற்குக் காரணம், சாலிஸ்பரிக்குக் கிழக்கே வின்செஸ்டரில் 1770இல் நடந்த நிகழ்ச்சி. அங்கே ஹை ஸ்ட்ரீட்டில் நிற்கும் பதினைந்தாம் நூற்றாண்டுச் சிலுவையில் அரசர்களின் சிலைகளும் புனிதர்களின் சிலைகளும் உண்டு. படிகளில் அமர்ந்து வெண்ணெய் விற்றதால் ஊருக்கு அது பட்டர்கிராஸ். நகரத் தெருக்களைக் கவனித்த ஆணையர்கள் அதைத் தாமஸ் டம்மர் என்ற செல்வருக்கு விற்றுவிட்டார்கள். க்ரான்பரியில் இருந்த தன் தோட்டத்தில் அலங்காரமாக நிறுத்த அவர் விரும்பினார். பிரிஸ்டல் நகரின் ஹை கிராஸ் அதற்கு முந்தைய பத்தாண்டில்தான் இப்படியே ஸ்டோர்ஹெட் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது, இன்றும் அங்கேதான் நிற்கிறது. வின்செஸ்டரில் டம்மரின் ஆட்கள் கழற்ற வந்தபோது மக்கள் திரண்டு விரட்டியடித்தார்கள். விற்பனை ரத்தானது. டம்மர் மரச்சட்டமும் சாந்தும் கொண்டு அதன் நகல் ஒன்றைத் தன் தோட்டத்தில் கட்டிக்கொண்டார். பட்டர்கிராஸ் ஹை ஸ்ட்ரீட்டிலேயே இருக்கிறது.